ஏழாம் எண் குறிப்பேடு

மூன்றாம் மாடி வார்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்து நுழைந்து, அதைப் பூட்டிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நடுவே, கையை விரித்தால் இரு பக்கமும் சுவர் தட்டும் அளவுக்கு ஓர் இடம். வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, தலைமைச் செவிலி கொத்துச் சாவியில் உரியதைத் தேடி முடிக்கும் வரையில், புதிய நினைவூட்டுநர் அந்த இடத்தில் நின்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். நான்கு வரி. இரண்டு பிழை. மனத்துக்குள் திருத்திக்கொண்டாள்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள மூச்சு முட்டுதா?" என்றாள் செவிலி. "பழகிடும். உள்ள இருக்கிறவங்க ஓடிடக் கூடாதுன்னு ரெண்டு பூட்டு. நாலு நாள் போனா நமக்கே எது உள்ள, எது வெளியன்னு குழம்பிடும்."

அவள் டீச்சர் அல்லள். அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிழை திருத்தியவள். அச்சகம் மூடப்பட்டதால் இங்கே வந்தவள். 'நினைவூட்டுநர்' என்பது பணி ஆணையில் கண்ட பெயர். அதை வாய் நிறையச் சொல்ல வார்டில் யாருக்கும் பொறுமை இல்லாததால் முதல் நாளிலேயே டீச்சர் ஆக்கிவிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. வாழ்நாளில் அவள் அறிந்தே திருத்தாமல் விட்ட முதல் பிழை அது. அறியாமல் செய்த பிழை ஒன்று உண்டு. இந்தக் கதை அதைப் பற்றியது.

வார்டில் பதினெட்டுக் கட்டில்கள். நடுவே மரத் தடுப்பு. இப்பக்கம் ஆண்கள், அப்பக்கம் பெண்கள். எல்லோரும் நினைவை இழந்தவர்கள், அல்லது இழந்துகொண்டிருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு குறிப்பேடு உண்டு. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அதிலிருந்து இரண்டு பக்கங்களை உரியவருக்கு வாசித்துக் காட்டுவதே அவள் வேலை. குறிப்பேட்டில் பெயர்கள் இருக்கக் கூடாது; படங்களும் கூடாது. பெயரைச் சொன்னால் 'அது யார்?' என்று கலங்குகிறார்கள்; படத்தைக் காட்டினால் 'இவர் செத்துப் போயிட்டாரா?' என்று அழுகிறார்கள். ஆகவே தொழிலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வார்டு மருத்துவர் வகுத்த முறை. மண்டை மறந்ததைக் கை மறக்காது என்பார் அவர். குறிப்பேடுகள் கட்டில் எண்ணின்படி, சுவரோடு பதித்த சின்ன அலமாரிகளில் இருந்தன.

ஏழாம் எண் கட்டில் சன்னலோரம். அதிலிருந்த பெரியவர் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை என்றார்கள். ஏழாம் எண் அலமாரியைத் திறந்து, குறிப்பேட்டை எடுத்து, அருகில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அவள் வாசித்தாள்.

"நீங்கள் குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தீர்கள். கிடங்கின் சாவி எப்போதும் உங்கள் இடுப்பில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் சாவியை ஆணியில் மாட்டுவீர்கள். பிறகுதான் செருப்பைக் கழற்றுவீர்கள். ஆப்பிள் பெட்டியை முகர்ந்து பார்த்தே அது வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவீர்கள்."

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் வெள்ளையடித்து முடித்துச் சாமான் ஏற்றாத வீட்டைப் போல இருந்தது.

ஐந்தாம் நாள் மாலை, "ஆப்பிள்," என்றார்.

செவிலி ஓடி வந்தாள். "அட, வாய் வந்துடுச்சே! டீச்சர், உங்க நாக்குல ஏதோ மந்திரம் இருக்கு." நினைவூட்டுநர் அடக்கமாகச் சிரித்தாள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒன்பதாம் நாள் பெரியவர் நடுங்கத் தொடங்கினார். பகல் பன்னிரண்டு மணி. சன்னல் கம்பிகளின் நிழல் போர்வையின் மேல் கறுப்பாக விழும் அளவுக்கு வெயில். அவர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பற்கள் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. செவிலி இரண்டாவது கம்பளி கொண்டுவந்து போர்த்தினாள். அன்றிலிருந்து அவர் கட்டிலைச் சுற்றி நடக்கலானார். சிறு சிறு அடி. நான்கடி போய்த் திரும்பி, மறுபடி நான்கடி. உட்காரச் சொன்னால், "உக்காந்தா தூங்கிடுவேன். தூங்கக் கூடாது," என்றார்.

பன்னிரண்டாம் நாள், அவருடைய கட்டிலருகே மட்டும் ஒரு வாசனை. பழ வாசனை, அதன் அடியில் ஈர இரும்பு, அதற்கும் அடியில் மூக்கை அறுக்கும் ஏதோ ஒரு நெடி. முக்காலியில் உட்கார்ந்ததும் வரும். எழுந்து இரண்டடி நகர்ந்தால் இராது. தரை துடைக்கும் பெண்ணிடம் மருந்துநீரை மாற்றினாயா என்று கேட்டாள். "நான் எதையும் மாத்தலைக்கா. அந்தப் பக்கம் துடைக்கப் போனா எனக்குக் காலு மரத்துப் போகுது. அதை முதல்ல கேளுங்க," என்றாள் அவள்.

பதினான்காம் நாள், வாசிப்பு முடிந்ததும், பெரியவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை உலோகம் போலச் சில்லிட்டிருந்தது.

"இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்ல," என்றார்.

குரல் கரகரத்திருந்தது. அது எழுபது வயதுக் குரல் அன்று.

வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். நினைவூட்டுநரோ குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். கைப்பிடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதாததையும் நினைவுகூர்கிறார் என்றால் அது மெய்யான நினைவுதானே! மருத்துவருக்கு ஒன்றரைப் பக்க அறிக்கை எழுதினாள். எழுதி முடித்து, வழக்கம்போல் மேலிருந்து கீழாகச் சரிபார்த்தபோதுதான் ஒரு முள் தட்டுப்பட்டது. சாவி வைத்திருந்தவர் கதவை எந்தப் பக்கத்திலிருந்து நினைவுகூர வேண்டும்? வெளிப்பக்கத்திலிருந்து அல்லவா? பட்டதுதான் நினைவு, படாதது கற்பனை. இவருடைய நடுக்கமோ பட்டவருடைய நடுக்கம். கதவின் மறுபக்கத்தில் நின்று பட்டவருடையது.

அறிக்கையைக் கிழித்துப் போட்டாள். வாசிப்பதை நிறுத்தவில்லை.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, வார்டுக்குத் தொலைபேசி வந்தது. ஏழாம் எண் பெரியவரின் மகள். இரண்டு ஆண்டுகளாக ஊருக்கே வர முடியாத தொலைவில் வேலை.

"வெள்ளிக்கிழமை வர்றேன் மேடம். ஒரே ஒரு நாள்தான் லீவு கெடைச்சுது. அப்பா இப்ப ஏதாவது பேசுறாரா? ரயில் அறிவிப்பு மாதிரி ஏதாவது சொல்றாரா?"

"எந்த ரயில்?"

"முப்பது வருஷம் ஸ்டேஷன்ல அறிவிப்பாளரா இருந்தாருங்க. நான் எழுதி அனுப்பின நோட்டுல முதல் பக்கமே அதுதானே?" பிறகு குரல் இறங்கியது. "அவருக்கு என்னைத் தெரியணும்னு கூட இல்ல மேடம். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும். வீட்டுலயும் அப்படித்தான் பேசுவாரு. அம்மாவே திட்டுவாங்க, சாப்பிட வாங்கன்னா நடைமேடை நம்பர் கேக்குற மனுஷன்னு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

மகளின் குறிப்பேடு அலுவலகப் பெட்டியில் இருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட ஆள் வரவில்லையாம். ஆகவே மேலே வரவில்லையாம். ஏழாம் எண்ணில் முன்பிருந்த குளிர்பதனக் கிடங்கு மேற்பார்வையாளர் இறந்து நாற்பது நாள் ஆகிறது. கட்டிலுக்கு ஆள் மாறினார். அலமாரியை எவரும் திறந்து பார்க்கவில்லை. பத்தொன்பது நாள், நாளொன்றுக்கு இரு முறை, ஓர் உயிருள்ள மனிதரின் காலியான தலைக்குள் இறந்தவர் ஒருவரின் வாழ்க்கையை அவள் திருத்தமான உச்சரிப்போடு ஊற்றியிருக்கிறாள்.

"விடுங்க டீச்சர். யானைக்கும் அடி சறுக்கும்," என்றாள் செவிலி. "நோட்டை மாத்திட்டாப் போச்சு. அவருக்கென்ன தெரியவா போகுது?"

அவருக்குத் தெரிந்திருந்தது எதுவோ அதுதான் நினைவூட்டுநரை அரித்தது.

அன்று மாலை நான்கு மணிக்குச் சரியான குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்கள் ரயில் நிலைய அறிவிப்பாளர். உங்கள் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊரே பெட்டியைத் தூக்கும்."

"அது வேற ஆளும்மா," என்றார் பெரியவர். வாயிலிருந்து ஆவி வந்தது. வெயிலில் அது வெள்ளையாகத் தெரிந்தது.

"அவர் எங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு எடம் விட்டுட்டு ஓரமா நிக்கிறாரு. நல்ல மனுஷன். பாவம், அவருக்கும் குளிருது."

"நீங்க யாரு?"

அவர் நான்கடி நடந்தார். திரும்பினார்.

"யாராவது நெனைச்சா இருக்கேன். நெனைக்காட்டி வெளிய போயிடலாம். அந்தச் சாவிக்கார அண்ணன் முப்பத்தோரு வருஷம் நெனைச்சிட்டே இருந்தாரு. அப்புறம் அவருக்கு மறதி வந்துச்சு. கதவு லேசா திறந்துச்சும்மா. ஒரு விரல் அகலம். வெளிச்சம் கூட தெரிஞ்சுது."

குரல் தாழ்ந்தது.

"அப்புறம் இங்க கொண்டாந்து போட்டாங்க. தெனம் ஒருத்தங்க வந்து கிடங்கு, சாவி, ஆப்பிள்னு படிச்சாங்க. கதவு மூடிக்கிச்சு. அண்ணன் போய்ச் சேர்ந்தாரு, மறுபடி லேசாத் திறந்துச்சு, முழுசா இல்ல. இப்ப நீங்க."

"நான்..."

"படிக்காதீங்கம்மா. நீங்க படிக்கிறப்பல்லாம் வெளியிலேர்ந்து தாழ்ப்பாள் விழுற சத்தம் கேக்குது."

அவள் எழுந்துவிட்டாள். இரண்டு கதவுகளுக்கும் நடுவே வந்து, முதலாவதைப் பூட்டி, இரண்டாவதைத் திறக்கச் சாவியை எடுத்தாள். சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. கண்ணுக்கு நேரே அந்த அறிவிப்பு. நான்கு வரி. இரண்டு பிழை.

ஓர் இரவு முழுவதும் யோசித்து, பிழை திருத்துகிறவள் எந்த முடிவுக்கு வருவாளோ அந்த முடிவுக்கே வந்தாள். மூலப் பிரதியைப் பார்க்காமல் திருத்தக் கூடாது. நடந்தது என்னவென்று தெரிந்தால், பெரியவருக்குள் இருந்து பேசுகிற அவனிடம் சொல்லலாம். சொன்னால் அவன் போய்விடுவான். வெள்ளிக்கிழமைக்குள் மகளுக்குத் தகப்பன் கிடைத்துவிடுவார். எண்ணிப் பார்க்கையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மறுநாள் மேற்பார்வையாளரின் மனைவிக்குத் தொலைபேசி செய்து, குறிப்பேட்டை வந்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள்.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தார். பார்வையாளர் அறைக்குச் சன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. நினைவூட்டுநர் கதவைச் சாத்தப் போனபோது அந்த அம்மாள் காலை நீட்டித் தடுத்தார்.

"சாத்த வேணாம்மா. எங்க வீட்டுல எந்தக் கதவையும் சாத்த மாட்டோம். குளியலறைக்குக் கூடத் திரைதான். அவருக்கு ஆகாது."

"ஏன்னு கேக்கலாமாம்மா?"

"கேக்காதீங்க."

குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல முப்பத்து மூணு வருஷம் இருக்கு. ஒரு ஆளு மட்டும் இல்ல. அவரை ஏன் எழுதலை?"

அந்த அம்மாளின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"எழுதினா அவருக்குத் திரும்பப் படிச்சுக் காட்டுவீங்களே! முப்பத்தோரு வருஷம் தூங்காத மனுஷன்மா. மறதி வந்தப்புறம்தான் தூங்கினாரு. நோயின்னு சொல்லிச் சொந்தமெல்லாம் அழுதாங்க. நான் ஒருத்திதான் நிம்மதியா மூச்சு விட்டேன். இங்க வந்து ரெண்டு மாசத்துல மறுபடியும் தூக்கம் போச்சுன்னாங்க. ஏன்னுதான் புரியல."

நினைவூட்டுநருக்குப் புரிந்தது. அதைச் சொல்லும் துணிவு வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சாகணும்மா. இங்க இன்னொருத்தர் மாட்டிக்கிட்டிருக்காரு."

அந்த அம்மாள் வெகுநேரம் அவளையே பார்த்தார். சுமையை இறக்கி வைக்க இடம் தேடுகிறவர், மேடை வலுவானதுதானா என்று தட்டிப் பார்ப்பதைப் போன்ற பார்வை.

"உங்களுக்கு மறதி உண்டா?"

"எனக்கா?" பழைய பெருமை தன்னை மீறி எழுந்தது. "இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவம்மா நான். ஒரு தடவை கண்ணுல பட்டா போதும். எதையும் மறக்க மாட்டேன்."

"அப்பச் சரி," என்றார் அந்த அம்மாள்.

சொன்னார்.

இரண்டு நாள் கிடங்கு மூடல். நண்பகலில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கணவர் பூட்டினார். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த ஒருவன், சுமை இறக்குபவன், காதை மூடிய குல்லாயோடு கடைசி வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தான். அவன் பெயரைச் சாயங்காலம் பதியலாம் என்று விட்டிருந்தார்கள். பூட்டிவிட்டு நாலெட்டு வைத்தபோது கணவருக்கு ஏதோ சத்தம் கேட்டது. இயந்திரம் என்று நினைத்தார்.

"இயந்திரம்னுதான் நெனைச்சேன், இயந்திரம்னுதான் நெனைச்சேன்னு முப்பத்தோரு வருஷம் சொல்லிட்டே இருந்தாரும்மா. அந்த ஆளு பேரு யாருக்கும் தெரியல. ஊரும் தெரியல. யாருக்குச் சொல்லி அனுப்புறது? சத்தமில்லாம முடிச்சிட்டாங்க. அழ வேண்டியவங்க யாரும் அழலை. நெனைக்க வேண்டியவங்க நெனைக்கலை. இவர் ஒருத்தர்தான் நெனைச்சாரு. நான் மறந்தா அந்த ஆளுக்கு யாருமே இல்லடின்னுவாரு. அவரு போனப்புறம், அவரு சொன்னதையெல்லாம் நான் வச்சிட்டிருந்தேன்."

சொல்லி முடித்ததும் அந்த அம்மாளின் தோள்கள் இறங்கின. சுற்றும்முற்றும் பார்த்தார். மேசைமேல் இருந்த குறிப்பேட்டை, யாரோ விட்டுச் சென்ற பொருளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"நான் என்னம்மா சொல்லிட்டிருந்தேன்?"

"அந்தக் கிடங்கு..."

"எந்தக் கிடங்கு?" சிரித்தார். பத்து வயது குறைந்த சிரிப்பு. "வயசாச்சு பாருங்க. இதை வாங்கத்தானே வந்தேன்? வர்றேன்மா."

எழுந்தார். குறிப்பேட்டை இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நினைவூட்டுநர் அந்தச் சிறிய அறையில் உட்கார்ந்திருந்தாள். கதவு பூட்டப்படவில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்த் திறப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

இறந்தவர்கள் நம் நினைவில் வாழ்கிறார்கள் என்று சொல்கிறோம். அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்றும் எண்ணுகிறோம். வாழ்கிறவருக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று எவரும் கேட்டதில்லை. அங்கே விளக்கு உண்டா? உள்பக்கம் கைப்பிடி உண்டா? நாம் நினைப்பதெல்லாம் அவர்களுடைய கடைசி நாளைத்தான் என்றால், அவர்கள் வாழ்வதும் அந்தக் கடைசி நாளிலேதானே? நினைப்பது ஒரு மரியாதை என்றிருந்தாள். அது ஒரு பூட்டாகவும் இருக்கலாம் என்பதை அந்தக் கால் மணி நேரத்தில் அறிந்தாள்.

மாலை நான்கு மணிக்கு ஏழாம் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவனிடம் சொல்வதற்கு வாக்கியங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். சொல்லத் தேவைப்படவில்லை.

பெரியவர் கம்பளியை உதறிவிட்டு, "என்னம்மா இது, இந்த வெயில்ல ரெண்டு கம்பளி!" என்றார். கனத்த, பரந்த, ஒரு மண்டபத்தையே நிரப்பக்கூடிய குரல்.

அவளுக்கு அழுகை வந்தது. சரியான குறிப்பேட்டைத் திறந்து மடமடவென்று வாசித்தாள். அவர் நடுநடுவே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு மகள் வந்தாள். இரண்டு கதவுகளையும் கடந்து, தோளில் பையோடு, வார்டின் வாயிலில் தயங்கி நின்றாள். பெரியவர் அவளை நெடுநேரம் பார்த்தார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்துகொண்டிருந்த நம் வீட்டு வாலு, இன்னும் சற்று நேரத்தில் ஏழாவது நடைமேடைக்கு வந்து சேரும். தாமதத்திற்கு..." நிறுத்தினார். "தாமதத்திற்கு நாங்க ஒண்ணும் வருந்தலை. வா புள்ள."

மகள் ஓடி வந்து அவர் மடியில் விழுந்தாள். தடுப்புக்கு அப்பாலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, எந்த வண்டி வருகிறது என்று புரியாமல் தன் துணிகளை அவசரமாக மடிக்கத் தொடங்கினாள். வார்டு முழுவதும் சிரித்தது, அழுதது.

"சாதிச்சிட்டீங்க டீச்சர்," என்றாள் செவிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு, "என்ன, கையைத் தேய்ச்சிட்டே இருக்கீங்க? குளிருதா?" என்றாள்.

நினைவூட்டுநர் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் மறக்க முயன்றாள். எதையும் முறையாகச் செய்கிறவள் ஆதலால் இதையும் முறையாகவே செய்தாள். குளிர்பதனக் கிடங்கை நினைக்காதிருக்க ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்தாள். ஒவ்வொரு மணியின் முடிவிலும், நினைத்தோமா என்று சரிபார்த்தாள். சரிபார்ப்பதே நினைப்பது என்பதை உணர மூன்று நாளாயிற்று. மறக்க வேண்டியது இன்னதென்று தெரியும் வரையில் அது மறக்கப்படவில்லை. தெரியாமற்போன பின் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், கையை விரித்தால் சுவர் தட்டும் அளவுக்கே இடம் இருந்தது. அவள் அங்கே நின்றாள்.

ஒரு நாள் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். பதினாறாம் கட்டிலில் இருந்த மூதாட்டிக்கு எதுவும் ஒரு வேளைக்கு மேல் தங்காது. காலையில் சொன்னது காபி வருவதற்குள் போய்விடும். நினைவூட்டுநர் அருகில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தடுப்பின் பக்கம் ஒரு கண் வைத்தபடி, கிசுகிசுப்பாக எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு, குல்லாய், கடைசி வரிசை, நாலெட்டு. அவன் அங்கே போய்விடட்டும். அங்கிருந்து ஒரு வேளையில் வெளியே போய்விடட்டும்.

மூதாட்டி கேட்டுக் கண்ணீர் விட்டாள். "ஐயோ, பெத்தவ எங்க தேடினாளோ," என்றாள். காபி வந்தபோது, "யாருடி நீ, இவ்வளவு கிட்ட உக்காந்திருக்கே?" என்று அதட்டினாள்.

கேட்டவள் மறந்துவிட்டாள். சொன்னவளுக்கு ஓர் எழுத்தும் குறையவில்லை.

வெளியே விரல் அகலத்துக்குக் கூட எதுவும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? சாவிக்காரருக்கு மறதி வந்தது. அவர் மனைவிக்கும் வந்தது. அவளுக்கு வராது. அவளே வாயால் சொல்லியிருக்கிறாள்.

செவிலி ஒரு முறை, "அப்படி என்னதான் டீச்சர் மனசுல? யார்கிட்டயாவது கொட்டிட்டா லேசாயிடும்," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நினைவூட்டுநர் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகள், நல்ல தூக்கம், பேருந்தில் நின்றபடியே உறங்குகிறவள். "ஒண்ணுமில்லைம்மா," என்று சொல்லிவிட்டுப் பதினோராம் எண் குறிப்பேட்டை எடுத்தாள். இப்போதெல்லாம் அவள் மெதுவாக வாசிக்கிறாள். ஒவ்வொரு வரியிலும், இதில் யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டுகிறோமா என்று நின்று பார்க்கிறாள்.

ஊழியர்களுக்கான ஆண்டுப் பரிசோதனை அடுத்த மாதம் வந்தது. சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. மருத்துவர் அவளுடைய எடையைக் குறித்துக்கொண்டார். விரல்கள் ஏன் இப்படி நீலம் பாரித்திருக்கின்றன, இரும்புச் சத்து குறைவோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குழாயைக் காதில் பொருத்திக்கொண்டு, வட்டை அவளுடைய மார்பில் வைத்தார்.

சற்று நேரம் கேட்டார். புருவம் சுருங்கியது.

"பேசாதீங்க," என்றார். "மூச்சை மட்டும் இழுத்து விடுங்க."

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மருத்துவர் வட்டை ஓரங்குலம் நகர்த்தி, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வரும் சொல்லைப் பிடிக்க முயல்கிறவரைப் போல, இன்னும் கிட்டே குனிந்தார்.